பதினான்கில் ஒன்று: ஃபோர்டு மாடல் ஏ ஹெட்டைக் கழற்றிய நிகழ்வு ஆய்வு

ஒன்பதாம் ஸ்டட் முறிந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. கையிலிருந்த பாரம் சட்டென்று குறைந்தது, ஸ்பேனர் கால் வட்டம் சுலபமாகப் போனது, அவ்வளவுதான். நட்டு இளகிவிட்டது என்று அரை நொடி சந்தோஷப்பட்டேன். அடுத்த அரை நொடியில், நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. 90 வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்த இரும்புத் தண்டை 20 நிமிஷத்தில் முடித்துவைத்திருந்தேன்.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைப் பிடித்திருக்கும் 14 ஸ்டட்டுகளில் அது ஒன்று. இந்த எழுத்து அந்த ஒரு ஸ்டட்டைப் பற்றியது. மற்ற பதிமூன்றும் எப்படி வந்தன என்பதையும் சொல்கிறேன். அவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்பதில் நான் எதைத் தப்பாகப் படித்தேன் என்பது விளங்கும்.

வண்டி

1930-ஆம் வருஷத்து மாடல் ஏ. ஃபோர்டு 1927 கடைசியில் தொடங்கி 48 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய கார். நாலு சிலிண்டர், 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன், வால்வுகள் எல்லாம் இன்ஜினின் அடி வார்ப்பான பிளாக்கின் பக்கவாட்டில். அதனால் ஹெட்டில் வால்வும் இல்லை, அதை அழுத்தும் ராக்கரும் இல்லை. எரி அறைகளையும் தண்ணீர் ஓடும் வழியையும் உள்ளே வைத்து வார்த்த கனத்த வார்ப்பிரும்பு மூடி அது. அந்த மூடியை பிளாக்கோடு பிடித்திருப்பவை 14 ஸ்டட்டுகள்.

ஸ்டட் என்றால் தலையில்லாத போல்ட். கீழ்முனை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. அது பிளாக்குக்குள் இறங்கியிருக்கும். மேல்முனை அதே விட்டம், ஆனால் 20 மரை. அதில் நட்டு உட்காரும். நடுவில் மரையில்லாத உடல், ஹெட்டின் துளை வழியாகப் போகும். இந்த மூன்று பகுதிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

இன்ஜின் சுற்றியது, பிஸ்டன் பிடிக்கவில்லை. அது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் ரேடியேட்டரில் பல வருஷத் தண்ணீர் காய்ந்து மஞ்சள் சேறாகக் கிடந்தது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் கேஸ்கெட்டின் ஓரமாக இரண்டு இடத்தில் துரு வழிந்த தடம். தண்ணீர் கேஸ்கெட்டைத் தாண்டி ஸ்டட் துளைகளுக்குள் போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

முதலில் ஒரு முடிவு எடுத்தேன், அது மட்டும் சரியாக அமைந்தது. மாடல் ஏ-யில் பெட்ரோல் தொட்டி பின்னால் கிடையாது. டாஷ்போர்டுக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே, வண்டி உடம்பின் ஒரு பகுதியாகவே இருக்கும். பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்கும். இன்ஜினுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர்தான். அங்கே நெருப்பு பிடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. தொட்டியில் பெட்ரோல் இல்லையே என்று சிலர் சொல்வார்கள். வெறும் தொட்டி நிறைந்த தொட்டியைவிட மோசம். உள்ளே நிற்பது ஆவியும் காற்றும் கலந்த கலவை. ஆகவே இன்ஜினை முழுசாக இறக்கி, தொட்டியிலிருந்து வெகுதூரம் தள்ளி ஸ்டாண்டில் மாட்டிய பிறகுதான் கேஸ் டார்ச்சைத் தொட்டேன்.

துரு என்ன செய்கிறது

இரும்பு துருவாக மாறும்போது பருக்கிறது. எந்த வகைத் துரு, எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்து, தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடம் பிடிக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தச் சந்தில் பருத்த துரு ஆப்பு அடித்ததுபோல் நிற்கிறது. இரண்டு இரும்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று சொல்வதைவிட, நடுவே கல் வளர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் வேலை சுலபமாகப் புரியும். நாம் உடைக்க வேண்டியது அந்தக் கல்லை. வெறும் திருகு விசை அதை உடைக்காது, தண்டைத்தான் முறுக்கும்.

துரு பருப்பதோடு தண்டும் இளைக்கிறது. இதை அப்போது நான் யோசிக்கவே இல்லை.

ஸ்பேனர் பற்றி ஒரு வார்த்தை

7/16 நட்டுக்கு 11/16 அங்குல ஸ்பேனர். மில்லிமீட்டரில் அது 17.46. 17 ஏறாது; 18 ஏறும், ஆனால் அரை மில்லிமீட்டர் ஆடும். துருப்பிடித்த நட்டில் அந்த அரை மில்லிமீட்டர் போதும், ஆறு மூலையும் உருண்டுபோகும். பன்னிரண்டு பட்டை சாக்கெட்டையும் ஒதுக்கி வையுங்கள். ஆறு பட்டை சாக்கெட் நட்டின் பக்கங்களைத் தாங்கிப் பிடிக்கும், பன்னிரண்டு பட்டை மூலைகளைத்தான் பிடிக்கும்.

பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய தலைவலி. விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் நட்டின் அகலம் அல்ல, போல்ட்டின் விட்டம். 1/4 என்று எழுதியிருக்கும். வாயை அளந்தால் 0.525 அங்குலம் இருக்கும். அதற்கு எந்த மில்லிமீட்டர் ஸ்பேனரும் ஒழுங்காகச் சேராது. அந்தக் கால மாரிஸ், எம்ஜி இன்ஜின்கள் சிலவற்றில் விட்வொர்த் அளவு தலையும் மெட்ரிக் மரையும் ஒரே போல்ட்டில் இருக்கும். மரை அளவுகோலை வைத்துப் பார்க்காமல் அவற்றில் மரை வெட்டும் டேப்பை விட்டால் பிளாக் போச்சு.

ஊறவைத்த ஐந்து நாள்

பெனிட்ரேட்டிங் ஆயில் நுண்ணிய சந்துகளில் தானாக ஏறும். அதன் பரப்பு இழுவிசை குறைவு, பிசுபிசுப்பும் குறைவு. நம் வேலை அது போகும் வழியைச் சுத்தம் செய்து கொடுப்பதும், நேரம் கொடுப்பதும்தான். கம்பி பிரஷ்ஷால் வெளித்துருவையும் பெயின்ட்டையும் உரசி எடுத்தேன். ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் புட்டி மாவால் சின்ன அணை கட்டி உள்ளே எண்ணெய் தேக்கினேன். சும்மா பீய்ச்சிவிட்டால் ஓரமாக வழிந்து தரைக்குத்தான் போகும்.

என்ன எண்ணெய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடையில் விற்பவற்றில் துருவைத் தளர்த்தவென்றே செய்தது எதுவானாலும் சரி. டபிள்யூடி-40 வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது பிறந்த காரணம் வேறு. 1953-இல் சான் டியேகோவில், ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கவென்று செய்த கலவை அது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் பெயரில் 40. ஏற்கெனவே கல்லாகிவிட்ட துருவுக்கு அதைவிட நல்லவை உண்டு. நான் பயன்படுத்தியது அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி. இரண்டும் ஒழுங்காகக் கலக்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் எண்ணெயைச் சந்துக்குள் சுமந்துகொண்டு போய்விட்டு ஆவியாகிவிடும். பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் தின்னும். உறையும் குளிரில்கூடத் தீப்பற்றும். இந்தக் கலவை ஊற்றிய நாளில் டார்ச் பக்கம் போகவே கூடாது.

காலையும் மாலையும் எண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு ஸ்டட்டின் தலையிலும் பித்தளைக் கம்பியை வைத்து இருபது முப்பது தட்டு. ஓங்கி அடிக்கவில்லை, மணி ஒலிப்பதுபோல் சின்னச் சின்னதாக. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இந்த வேலைக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது. ஒவ்வொரு தட்டிலும் துருக்கல்லில் ஒரு மயிரிழை விரிசல் விழுகிறது, எண்ணெய் அந்த விரிசலில் இறங்குகிறது. எண்ணெயும் தட்டலும் சேர்ந்தால்தான் பலன். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தவர்கள்தான் "ஒரு வாரம் ஊறவைத்தும் அசையவில்லை" என்று புலம்புகிறார்கள்.

கோடு கிழித்துப் பார்ப்பது

ஆறாம் நாள் காலை 14 ஸ்டட்டுக்கும் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டேன். பிறகு ஒவ்வொன்றின் தலையிலும் கூர்முனையால் ஒரு கோடு: ஸ்டட்டின் முனையில் தொடங்கி, நட்டைக் கடந்து, ஹெட்டின் மேல்வரை ஒரே நேராக. இந்த யோசனை என்னுடையது இல்லை, கடைசல் வேலை தெரிந்த அண்ணன் ஒருவர் சொல்லிக் கொடுத்தது. "தம்பி, ஸ்பேனர் சுத்துதான்னு பாக்காதே, கோடு எங்க பிரியுதுன்னு பாரு" என்றார்.

கோடு மூன்று விதமாகப் பேசும். ஸ்டட்டின் கோடு அப்படியே நிற்க, நட்டின் கோடு நகர்ந்தால் நட்டு கழல்கிறது; நல்லது. ஸ்டட்டும் நட்டும் சேர்ந்து நகர்ந்து, கையை எடுத்த பிறகும் நகர்ந்த இடத்திலேயே நின்றால், நட்டு ஸ்டட்டோடு பிடித்திருக்கிறது, ஆனால் ஸ்டட் பிளாக்கிலிருந்து வெளியே வருகிறது, அதுவும் நல்லதே. இரண்டும் சேர்ந்து நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பினால், எதுவும் கழலவில்லை. தண்டு ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே நிறுத்தியாக வேண்டும்.

முதலில் லேசாக இறுக்கும் பக்கம் ஒரு அசைப்பு, பிறகு கழற்றும் பக்கம். இந்த முன்னும் பின்னும்தான் கல்லை உடைக்கிறது. ஒன்பது நட்டுகள் முதல் வகையாக வந்தன. ஐந்தும் பதினான்கும் இரண்டாம் வகை. நட்டைத் தலையில் சுமந்துகொண்டு முழு ஸ்டட்டும் மேலே வந்துவிட்டது. மீதி மூன்று: மூன்றாம் எண், ஒன்பதாம் எண், பன்னிரண்டாம் எண்.

ஒன்பது

மூன்றும் பன்னிரண்டும் அசையவே இல்லை. ஒன்பதோ அசைந்தது. ஸ்டட்டின் கோடும் நட்டின் கோடும் சேர்ந்து, ஹெட்டின் கோட்டிலிருந்து விலகின. அப்போதுதான் ஐந்தும் பதினான்கும் அதே மாதிரி வந்து முடிந்திருந்தன. அந்த மிதப்பில், இதுவும் பிளாக்கிலிருந்து வருகிறது என்று முடிவு கட்டினேன். கையை விட்டுப் பார்த்தேனா? பார்த்தேன். கோடு பாதி தூரம் திரும்பி வந்தது. பாதிதானே வந்தது, மீதி பாதி கழன்றிருக்கிறது என்று எனக்கு நானே கணக்கு சொல்லிக்கொண்டேன். சிரங்கு பிடித்த கையும் இரும்பு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். என் கையில் 60 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடி இருந்தது.

இந்த ஸ்டட்டுகளை இறுக்க வேண்டிய அளவு 55 அடி-பவுண்டு, அதாவது சுமார் 75 நியூட்டன் மீட்டர். 60 சென்டிமீட்டர் கைப்பிடியின் முனையில் 25 கிலோ பாரம் கொடுத்தாலே அதற்கு இருமடங்கு ஆகிவிடும். உடம்பைச் சாய்த்தால் 25 கிலோ ஒரு பொருட்டே இல்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்பது கைக்கே தெரியாது. நீளக் கைப்பிடியின் வசதி என்று நாம் நினைப்பதே அதன் ஆபத்தும்.

முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தபோது எல்லாம் புரிந்தது. உடைந்த முகத்தில் ஓரமாக மூன்றில் ஒரு பங்கு கறுத்துப்போயிருந்தது, பழைய வெட்டு. மீதி பளபளவென்று புது உலோகம். முறிந்த இடம் சரியாகக் கேஸ்கெட் மட்டத்தில். அங்கேதான் தண்ணீர் கசிந்து வருஷக்கணக்கில் தண்டை அரித்து, இடுப்பு மாதிரி இளைக்க வைத்திருக்கிறது. காலிபர் வைத்தேன்: 11.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 8.6. மேலே நட்டும் கீழே பிளாக்கும் விடாமல் பிடித்திருக்க, நான் கொடுத்த முறுக்கு முழுவதும் அந்த இடுப்பில் போய்ச் சேர்ந்தது. "பாதி திரும்பி வந்த" கோடு கழன்றதால் நகரவில்லை. உலோகம் மீள முடியாத அளவு முறுக்கிக்கொண்டுவிட்டது, அதன் அடையாளம்தான் திரும்பாத அந்தப் பாதி. முறிவதற்கு முன் கிடைத்த கடைசி எச்சரிக்கை அது. அதை நான் நல்ல செய்தியாகப் படித்தேன்.

கேஸ்கெட் ஓரம் துரு வழிந்த தடம் இரண்டு இடத்தில் இருந்தது என்று முன்னே சொன்னேன் அல்லவா? அதில் ஒன்று ஒன்பதாம் ஸ்டட்டின் நேர் கீழே. கண்முன்னே எழுதி ஒட்டியிருந்தது.

மூன்றும் பன்னிரண்டும்: சூடு

அன்று வேறு எதையும் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து, எண்ணெயைத் துடைத்து உலர்த்தி, சூட்டுக்குப் போனேன்.

நட்டைச் சூடாக்க வேண்டும், ஸ்டட்டை அல்ல. எஃகு ஒரு டிகிரிக்குத் தன் அளவில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 11 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டை 500 டிகிரி ஏற்றினால் துளை கிட்டத்தட்ட 0.07 மில்லிமீட்டர் பெரிதாகும். ஒரு தலைமுடியின் தடிமன். கேட்க அற்பமாக இருக்கிறது, மரைச் சந்தில் அது வாசல் திறந்த மாதிரி. ஆனால் சூடு ஸ்டட்டுக்குப் போகும் முன் சட்டென்று ஏற்ற வேண்டும். மெல்ல மெல்லச் சுட்டால் இரண்டும் சேர்ந்து விரியும், ஒரு பலனும் இல்லை. சுடரின் நுனியை நட்டின் பக்கங்களில் மட்டும் காட்டி, மங்கிய சிவப்பு தெரியும் வரை. சுற்றியுள்ள வார்ப்பிரும்பை அப்படி ஒரே புள்ளியில் சுட்டால் வெடித்துவிடும். ஆகவே முன்கூட்டியே ஹெட் முழுவதையும் பரவலாக, தொட்டால் கை சுடும் அளவுக்கு வெதுப்பிக்கொண்டேன்.

சிவந்ததும் உடனே திருக நினைப்பார்கள். நான் திருகவில்லை. சிவந்த இரும்பு மெத்தென்று இருக்கும், மரை வழிந்துவிடும். சிவப்பு மறைந்து, இன்னும் நல்ல சூடாக இருக்கும்போது மெழுகுவத்தியை மரையின் விளிம்பில் தொட்டேன். மெழுகு உருகி, சந்துக்குள் உறிஞ்சிக்கொண்டு போவது கண்ணுக்கே தெரிந்தது. அதன் பிறகு ஸ்பேனர்: இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, கழற்றும் பக்கம் ஒரு மயிரிழை. பன்னிரண்டு முதல் சூட்டிலேயே கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. அந்தச் சத்தம் காதுக்கு இனிமை. துரு உடைகிற சத்தம். மூன்றுக்கு நாலு சூடு தேவைப்பட்டது.

சூட்டைப் பற்றி மூன்று எச்சரிக்கை. துத்தநாகம் பூசிய போல்ட்டைச் சுட்டால் வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் சுடரோ வெல்டிங்கோ பட்டால் ஃபாஸ்ஜீன் உண்டாகும், அது கொல்லும் வாயு. ஸ்டியரிங், பிரேக், கனெக்டிங் ராட் போல்ட்டுகளைச் சிவக்கச் சுட்டிருந்தால், அவை பார்க்க நன்றாக இருந்தாலும் திரும்பப் போடக் கூடாது, பதம் போயிருக்கும்.

நட்டுகள் போயின, ஹெட் வரவில்லை

பதிமூன்று நட்டும் கழன்றாயிற்று, ஒன்று முறிந்தாயிற்று. ஹெட் ஒரு இம்மிகூட அசையவில்லை. இப்போது பிடித்திருப்பது ஸ்டட்டின் மூன்றாம் பகுதி: ஹெட் துளைக்கும் ஸ்டட் உடலுக்கும் நடுவே உள்ள வளையச் சந்து முழுவதும் துரு. மரையில் வேலை செய்த எந்த வித்தையும் இங்கே அப்படியே எடுபடாது. இது திருகு அல்ல, ஆப்பு.

ஸ்பார்க் பிளக்குகளைப் போட்டு இன்ஜினைச் சுற்றி, அழுத்தத்தாலேயே ஹெட்டைத் தூக்க வைக்கும் முறை ஒன்று உண்டு. முயன்றேன். மாடல் ஏ-யின் அழுத்த விகிதம் 4.22 தான், அதிலும் வால்வுகள் கசிந்தன. ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உளியை நுழைத்து நெம்பலாமே என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். செய்யவில்லை. அந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் பிறகு எந்த கேஸ்கெட்டும் நிற்காது.

மேல்மரையில் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டைக் கழற்றும் பக்கம் திருகினால் ஸ்டட்டே பிளாக்கிலிருந்து வெளியே வரும். நின்றிருந்த 11 ஸ்டட்டில் எட்டு அப்படி வந்தன. ஒவ்வொன்றிலும் கோடு கிழித்து, ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்து. சூடு கண்ட பூனை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்தன. அவற்றை அங்கேயே விட்டேன்.

பிறகு இன்ஜினையே ஹெட்டால் தொங்கவிட்டேன். பழைய பிளக்குகளின் உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, இரும்பு ஓட்டில் வளையம் பற்றவைத்து, பிளக் துளைகளில் மாட்டி, ஹாய்ஸ்ட்டால் தரையிலிருந்து இரண்டு விரற்கடை தூக்கினேன். அடியில் மரக்கட்டைகள். இன்ஜினின் எடை முழுவதும் ஓயாமல் அந்த மூன்று துருச் சந்துகளை இழுத்துக்கொண்டிருக்கும். காலையும் மாலையும் சந்தில் எண்ணெய், ஹெட்டின் ஓரங்களில் மரச் சுத்தியலால் தட்டு. மூன்றாம் நாள் மாலை, யாரும் தொடாத நேரத்தில், பொத்தென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன்: இன்ஜின் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது, ஹெட் சங்கிலியில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும் முன் தண்ணீரால் நன்றாக நனைத்துக்கொண்டேன். அந்தக் காலத்துக் கேஸ்கெட் செம்புத் தகட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ். உலர்ந்த தூசியாக அது பறக்கவே கூடாது.

முறிந்ததை எடுத்தது

பிளாக் முகத்துக்கு மேலே ஒன்பதின் மொட்டை இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் வாஷர் வைத்து வெல்டிங், வாஷரின் மேல் நட்டு வைத்து வெல்டிங். நல்ல முறைதான், வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் மொட்டை அரித்துப்போன இடம், பிடிமானம் இல்லை. முதல் முறை வெல்டிங் மட்டும் பெயர்ந்தது. இரண்டாம் முறை மொட்டையையும் பிய்த்துக்கொண்டு, முகத்துக்குக் கீழே பள்ளமாக்கிவிட்டு வந்தது.

ஈசி-அவுட் என்கிற கூம்புத் திருகு எக்ஸ்ட்ராக்டரை இந்த இடத்தில் பலர் எடுப்பார்கள். பெயரில் மட்டும்தான் ஈசி. அது கூம்பாக இறங்க இறங்க ஸ்டட்டை வெளிப்பக்கம் விரித்து மரையோடு இன்னும் இறுக்குகிறது. மேலும் கடின எஃகு, உடையக்கூடியது. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது. முழு அளவு ஸ்டட்டே 55-க்கு இருமடங்கில் வரவில்லை, அதன் வயிற்றில் செருகிய சின்னக் கம்பிக்கு வந்துவிடுமா?

டிரில்தான் வழி. டிரில்லில் ஒரே கவலை நடுமையம். கைமதிப்பில் வைத்தால் டிரில் எஃகை விட்டு மென்மையான வார்ப்பிரும்புப் பக்கம் சரிந்துவிடும். அண்ணன் மறுபடி கைகொடுத்தார்: ஹெட்டின் துளைக்குள் இறுக்கமாக உட்காரும்படி புஷ் என்கிற எஃகுக் குழல் ஒன்று கடைந்து கொடுத்தார், நடுவில் 5 மில்லிமீட்டர் ஓட்டை. சுத்தம் செய்த ஹெட்டைப் பழையபடி பிளாக்கின் மேல் வைத்து நாலு ஸ்டட்டால் பிடித்தோம். ஒன்பதாம் துளையில் புஷ்ஷைச் செருகி அதன் வழியே டிரில். ஹெட்டே வழிகாட்டி ஆகிவிட்டது, சரிய முடியாது. 5, பிறகு 7, பிறகு 9 மில்லிமீட்டர், ஒவ்வொன்றுக்கும் தனிப் புஷ். 7-இல் இடது சுற்று டிரில் போட்டேன். சில சமயம் அது பிடித்துக்கொண்டு ஸ்டட்டையே சுழற்றி வெளியே கொண்டுவரும். இங்கே வரவில்லை. 9-க்குப் பிறகு மிஞ்சியது மெல்லிய கூடு. கூர் பஞ்ச்சால் அதை உள்பக்கம் மடக்கி, குறட்டால் இழுத்தபோது மரையின் எஃகு சுருள் கம்பி மாதிரி வந்தது. பிறகு 14 மரை டேப்பை எண்ணெயோடு கையால் மட்டும் விட்டு, அரை வட்டம் முன்னே, கால் வட்டம் பின்னே என்று சுத்தம் செய்தேன். பிளாக்கின் பழைய மரை பிழைத்துக்கொண்டது. பிழைக்காமல் போயிருந்தால், புது மரையாகச் செருகும் கம்பிச்சுருளான ஹெலிகாயில் போட்டிருப்பேன்; அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மிச்ச உடம்பு

மட்கார்டு, ஃபுட்போர்டு போல்ட்டுகளுக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை. நட்டு ஸ்ப்ளிட்டர் அல்லது கிரைண்டர். வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போடுங்கள். மாதிரிக்கு ஒவ்வொரு வகையிலும் ஒன்றை மட்டும் முழுசாகக் காப்பாற்றி வையுங்கள், தலையின் வடிவம் தெரிய. கதவுக் கீல்களில் ஒற்றைக் கீறல் ஸ்க்ரூ. கீறலின் முழு அகலத்துக்கும் பொருந்தும்படி முனையை அரைத்துக்கொண்டு, கீறலில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் சிறிது தடவி, கை இம்பாக்ட் டிரைவரைச் சுத்தியலால் அடித்தால் பெரும்பாலும் வந்துவிடும். அடி ஸ்க்ரூவை உள்ளே அழுத்துகிற அதே நொடியில் திருகுவதால் கீறல் கெடுவதில்லை.

வேறு வண்டிக்காரர்களுக்கு ஒன்று: பழைய கார்கள் சிலவற்றில் இடது பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை. துருப்பிடித்திருக்கிறது என்று நினைத்து மணிக்கணக்கில் இறுக்கிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. மரை கழன்ற கேஸ் என்று யாரையோ கேலி செய்வதற்கு முன் அதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

திரும்பப் பூட்டியது

14-க்கும் புது ஸ்டட்டுகள். பழையவற்றில் இன்னும் இரண்டு கேஸ்கெட் மட்டத்தில் 10 மில்லிமீட்டருக்குக் கீழே இளைத்திருந்தன, தப்பித்தவை அவை. ஹெட் துளைகளை உருண்டை பிரஷ்ஷால் துருநீக்கி, ஸ்டட் உடலில், மறுபடி பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிய பூச்சாகத் தடவினேன். நட்டு மரையில் அதைப் பூசவில்லை, இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு மட்டும். வழுக்கும் பொருளை அதிகம் பூசினால் அதே திருகு விசையில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, 25, 40, 55 அடி-பவுண்டு என்று மூன்று சுற்றில் இறுக்கினேன். இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி 55-க்குச் சரிபார்த்தேன். ஒன்பது மற்றவற்றைப் போலவே நின்றது.

இப்போது பின் அச்சில் இருக்கிறேன். இந்த வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் பின் ஹப், கூம்பான அச்சு முனையில் சாவிக் கட்டையோடு இறுகி உட்கார்ந்திருக்கும். நட்டை முழுசாக எடுக்காமல் சில மரைகள் மிச்சம் வைத்து, ஹப்பை இழுத்தெடுக்கும் புல்லரை இறுக்கி விட்டிருக்கிறேன். விடும்போது ஹப் துள்ளி வந்து முகத்தில் அடிக்கும் என்பதால்தான் அந்த நட்டு. இன்று நாலாம் நாள். காலையும் மாலையும் தட்டுகிறேன். இன்னும் அசையவில்லை.